விதியை ஓடவிட்டுப் பார்ப்பது

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு வந்தன. ஆலங்குளத்தில், தென்காசி சாலையில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மளிகைக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கம்ப்யூட்டர் பில்தான். முதல் கடையில் காலையிலேயே ஓரிடத்தில் எண்ணை மாற்றினார்கள்; வியாபாரம் நடந்தது. இரண்டாவது கடைக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தவர் அன்று முழுக்கக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பில்லில் 5 வந்துவிட்டது. மறுநாள் ஒருவர் சோப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, திருப்பி எடுக்கும் திரை 18 என்று கணக்குப் போட்டது. நிரலைத் திறந்து பார்த்தால் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் விற்பனை அறிக்கைக்கும் பில்களின் கூட்டுத்தொகைக்கும் சில்லறை இடித்தது.

வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு மென்பொருளும் ஒன்றுதான். ஒரே மாதிரி பில், ஒரே மாதிரி திரை. பிறகு ஒன்றுக்கு மாற்றம் சுளுவாகவும் இன்னொன்றுக்குப் பெரும்பாடாகவும் ஏன் ஆக வேண்டும்?

சில்லறை இடித்த கதையை முதலில் பார்த்துவிடலாம், அது சின்னது. ஒரு பொருள் 10 ரூபாய் 10 காசு, வரி 5 சதவீதம். (மத்திய, மாநில வரி என்று பாதியாகப் பிரிப்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) வரி 50.5 காசு, முழுமையாக்கினால் 51. மூன்று பொருள் வாங்கினால் மூன்று ஐம்பத்தொன்று, 1 ரூபாய் 53 காசு. இதையே மொத்தமாகப் போட்டால் 30 ரூபாய் 30 காசுக்கு 151.5 காசு, அதாவது 1 ரூபாய் 52 காசு. பில் திரை ஒருவிதமாகவும் அறிக்கை இன்னொரு விதமாகவும் கணக்குப் போட்டால் ஒரு காசு எங்கோ போகிறது. இரண்டு முறையிலும் தப்பில்லை. இரண்டு இடத்தில் கணக்குப் போட்டதுதான் தப்பு. வரிக் கணக்கு ஓரிடத்தில் மட்டும் நடந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

‘எது எங்கே நடக்க வேண்டும், யார் யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது’ என்ற ஏற்பாட்டுக்குத்தான் மென்பொருள் கட்டமைப்பு என்று பெயர். துறைக்காரர்கள் ஆர்க்கிடெக்சர் என்பார்கள். பில் மென்பொருளில் பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கும். மேலே திரை: விசைப்பலகை, பார்கோடு, அச்சு. நடுவில் கணக்கு: விலை, தள்ளுபடி, வரி. அடியில் கிடங்கு: எல்லாவற்றையும் எழுதிவைக்கும் தரவுத்தளம். திரை கணக்கைக் கேட்கலாம், கணக்கு கிடங்கைக் கேட்கலாம். திரை நேரே கிடங்குக்குப் போகக் கூடாது. கீழே இருப்பது மேலே இருப்பதைக் கூப்பிடவே கூடாது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருவதற்குள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகிறது. மேல்குளம் பெருகி மறுகால் பாய்ந்தால் கீழ்குளத்துக்குத் தண்ணீர். மேல்குளத்துத் தண்ணீர் நடுக்குளத்தைத் தாண்டி மூன்றாவது குளத்துக்கு நேரே போக வழியில்லை; கீழ்குளத்துத் தண்ணீர் மேலேறி வரவும் வழியில்லை. அதனால்தான் எங்கே அடைத்தால் எங்கே காயும், எங்கே உடைந்தால் எந்த வயல் மூழ்கும் என்று ஊரில் ஒரு பெரியவரால் உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடிகிறது. யாராவது தன் வயலுக்கு அவசரமென்று ராத்திரியில் கரையைக் கீறிவிட்டால் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். கீறியவருக்கு அன்றைக்கு லாபம்தான். அடுத்த மழைக்கு யாருக்கு நஷ்டம் என்பது அவருக்கே தெரியாது.

மென்பொருளை இப்படி அடுக்கிப் பார்க்கலாம் என்பது பழைய யோசனை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒரு சிறு குழுவோடு உருவாக்கிய இயங்குதளத்தைப் பற்றி 1968-இல் எழுதினார். ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழே இருப்பதை மட்டுமே நம்பி நிற்கும்படி கட்டியிருந்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 1972-இல், டேவிட் பார்னாஸ் அதைவிடக் கூர்மையான ஒன்றைச் சொன்னார். ஒரே வேலையைச் செய்யும் நிரலை இரண்டு விதமாகக் கூறுபோட்டுக் காட்டினார். ஒன்று, வேலை நடக்கும் வரிசைப்படி: முதலில் படி, பிறகு மாற்று, பிறகு அடுக்கு, பிறகு அச்சிடு. மற்றொன்று, நாளைக்கு எது மாறக்கூடுமோ அதை ஒவ்வொரு கூறுக்குள்ளும் ஒளித்துவைப்பது. ஓட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே விடையைத் தரும். மாற்றம் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்: முதல் வகையில் ஒரு முடிவை மாற்றினால் எல்லாக் கூறுகளையும் தொட வேண்டியிருந்தது, இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் போதும். நம் இரண்டு கடைகளின் கதையைப் பார்னாஸ் அரை நூற்றாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார், ஜி.எஸ்.டி. என்ற பெயரில்லாமல்.

இது அனுபவஸ்தர்களின் அபிப்பிராயம் மட்டும்தானா, அளந்து பார்த்தது உண்டா? உண்டு. நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை 1998 மார்ச் கடைசியில் பொதுவில் வைத்தது. மொசில்லா அப்படிப் பிறந்தது. ஆலன் மெக்கார்மக், ஜான் ரஸ்னக், கார்லிஸ் பால்ட்வின் என்ற மூவர் அந்த நிரலையும் லினக்ஸின் நிரலையும் எடுத்து, எந்தக் கோப்பு எந்தக் கோப்பை நம்பியிருக்கிறது என்று பெரிய சதுரக் கட்டம் போட்டார்கள். ஒரு கோப்பைத் தொட்டால், நேராகவும் சுற்றுவழியாகவும், சராசரியாக எத்தனை பங்கு கோப்புகளுக்கு அதன் அதிர்வு போய்ச் சேரக்கூடும் என்று எண்ணினார்கள். லினக்ஸில் அது சுமார் 5 சதவீதம். மொசில்லாவின் முதல் வடிவத்தில் சுமார் 17. அதே 1998-இல் மொசில்லாக்காரர்கள் நிரலைப் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். அந்த வருஷக் கடைசி வடிவத்தில் இது 3-க்கும் கீழே இறங்கிவிட்டது. அப்படியானால் இது தலைவிதியல்ல, அளக்கவும் சரிசெய்யவும் முடிகிற ஒன்று. 2006-இல் வெளியான இந்த ஆய்வு எனக்குப் பிடித்தமானதற்குக் காரணம், ‘நல்ல டிசைன்’ என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அது ஓர் எண்ணைக் கொடுத்ததுதான்.

நல்லபடியாகத் தொடங்கிய மென்பொருளும் வருஷக் கணக்கில் கெட்டுப்போவதை டூவெய்ன் பெர்ரியும் அலெக்ஸாண்டர் உல்ஃபும் 1992-இல் ஒரு கட்டுரையில் அரிப்பு என்று குறித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தீபாவளிக் கூட்டத்தில் பில் நிற்கிறது, கடைக்காரர் போனில் கத்துகிறார், புதிதாகச் சேர்ந்த பையன் திரையிலிருந்து நேராகக் கிடங்குக்கு ஒரு வழி வெட்டிவிடுகிறான். வேலை நடந்துவிடுகிறது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதில்லை.

விதி எங்காவது எழுதியிருக்குமே என்று கேட்கலாம். எழுதியிருக்கும். முதல் வாரம் ஒரு படம் வரைந்திருப்பார்கள். மூன்று பெட்டி, இரண்டு அம்பு. அந்தப் படம் சுவரில் மங்கிக்கொண்டிருக்க, நிரல் வேறு திசையில் போய்க்கொண்டிருக்கும். இந்த இடைவெளியைக் கருவி கொண்டு பிடித்தவர்கள் கெய்ல் மர்ஃபி, டேவிட் நாட்கின், கெவின் சல்லிவன். 1995-இல் அவர்கள் சொன்ன வழி எளிமையானது. இந்த நிரல் எப்படி அமைந்திருக்கிறது என்று நினைக்கிறீர்களோ அதை வரையுங்கள்; நிரலிலிருந்து உண்மையான அம்புகளை எந்திரம் பொறுக்கி எடுக்கும்; இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். படத்திலும் நிரலிலும் இருப்பது ஒருவகை. படத்தில் இல்லாமல் நிரலில் மட்டும் இருப்பது இன்னொரு வகை. கள்ள வழிகள் இங்கே அகப்படும். படத்தில் மட்டும் இருந்து நிரலில் இல்லாமல் போவது மூன்றாவது வகை. மைக்ரோசாஃப்டில் எக்செல் நிரலைப் பிரித்துப் பார்க்க ஒரு பொறியாளர் இந்த முறையைப் பயன்படுத்தினார். பத்து லட்சம் வரிகளுக்கு மேற்பட்ட நிரல் அது.

ஆனால் அது ஒரு தடவை பார்க்கும் ஆய்வு. தினமும் யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1997-இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் ஒரு விமானப் பயணத்தில் உட்கார்ந்து ஜேயூனிட் என்ற சிறு கருவியை எழுதினார்கள். ‘10 ரூபாய்க்கு 5 சதவீதம் 50 காசு வருகிறதா’ என்பதுபோல் நூற்றுக்கணக்கான கேள்விகளை எழுதிவைத்தால், நிரலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் எந்திரமே அத்தனையையும் கேட்டுப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை, ஒன்று பிசகினாலும் சிவப்பு. சிவப்பு இருந்தால் வேலை மேற்கொண்டு நகராது. விடைகளைச் சோதிக்கும் இந்தப் பழக்கத்தோடு மர்ஃபி வகைப் படத்தைச் சேர்த்தால் என்ன கிடைக்கும்? ‘திரை நேரே கிடங்கைத் தொடுகிறதா’ என்பதையே ஒரு சோதனையாக எழுதலாம். ஜாவா என்ற நிரல்மொழியின் உலகில் இதை எல்லோர் கைக்கும் எட்டவைத்தது ஆர்க்யூனிட் என்ற இலவசக் கருவி; அது ஜெர்மனியின் டி.என்.ஜி. என்ற மென்பொருள் ஆலோசனை நிறுவனத்திலிருந்து 2017-இல் வெளிவந்தது. டாட்நெட் தளத்துக்கும் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளுக்கும் இதே நோக்கமுள்ள கருவிகள் இருக்கின்றன.

கருவிக்கு எப்படித் தெரியும்? ஜாவாவில் எழுதிய நிரல் எந்திரத்துக்கான பைட்கோட் கோப்பாக மாறுகிறது. அந்தக் கோப்பைப் பதினாறு அடிமான எண்முறையில் திறந்து பார்த்தால் முதல் நான்கு பைட்டுகள் கஃபே பேப் என்று படிக்கும்படி இருக்கும். ஜாவாவை உருவாக்கியவர்கள் விட்டுவைத்த குறும்பு. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பட்டியல் வருகிறது: இந்த வகுப்பு, அதாவது கோப்பில் இருக்கும் நிரல் கூறு, யார் யாரை அழைக்கிறதோ அவர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கும். ஓடும்போது அவர்களைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர்கள் தேவை, அதனால் மறைக்க முடியாது. ஆர்க்யூனிட் நிரலை ஓட்டுவதில்லை. இந்தக் கோப்புகளைப் படித்து யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வலை பின்னிக்கொள்கிறது. பிறகு நாம் எழுதிய விதியை அந்த வலையின் மேல் வைத்துப் பார்க்கிறது. விதி ஏறக்குறைய பேச்சு வாக்கியம் மாதிரியே இருக்கும்: ‘திரை அடுக்கில் உள்ள எந்த வகுப்பும் கிடங்கு அடுக்கில் உள்ள வகுப்பைத் தொடக்கூடாது, ஏனெனில் வரியும் தள்ளுபடியும் நடு அடுக்கில்தான் கணக்காகின்றன.’ மீறினால் வரும் செய்தி பொத்தாம்பொதுவாக இருக்காது. இன்ன விதி மீறப்பட்டது, ஒரு தடவை. பில்திரை என்ற வகுப்பின் அச்சிடு என்ற பகுதி விற்பனைக்கிடங்கின் சேமி என்ற பகுதியை அழைக்கிறது, பில்திரை கோப்பில் 42-ஆவது வரி. கரை கீறிய இடம் மண்வெட்டித் தடத்தோடு அகப்படுகிறது, அதுவும் கீறிய சில நிமிஷங்களில்.

ஒரு மென்பொருளுக்கு இது போதும். ஆனால் ஒன்றே ஒன்று எழுதிப் பிழைப்பவர்கள் யார்? தென்காசிப் பக்கத்தில் மென்பொருள் எழுதுவது இன்று அதிசயமில்லை. ஸோஹோ 2011-இல் இங்கே அலுவலகம் போட்டது. அதன் ஸோஹோ டெஸ்க் இங்கே உருவான மென்பொருள். மத்தளம்பாறையில் இருக்கும் நிறுவனம் உலகச் சந்தைக்கு எழுதுகிறது என்பது இப்போது பஸ்ஸில் பேசிக்கொள்ளும் செய்தி. நமக்கு அவ்வளவு பெரிய எடுத்துக்காட்டு வேண்டாம். ஆலங்குளத்தில் ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை பில் அவர்களுடையது. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடைக்கு ஒரு கணக்கு மென்பொருளும் எழுதுகிறார்கள். மூன்றாவது, பீடி கான்ட்ராக்டருக்கு: இலையும் தூளும் எடைபோட்டுக் கொடுத்ததைக் கணக்கில் எழுதி, சுற்றி வந்ததை ஆயிரக் கணக்கில் எண்ணி, கழிவு போகக் கூலி கட்டுவது. மூன்றும் வேறு வேறு தொழில். கட்டமைப்பு விதிகளில் முக்கால்வாசி ஒன்றுதான். அதை மூன்று இடத்தில் நகல் எடுத்து ஒட்டினால் என்ன ஆகும்? வரிக் கணக்கை மூன்று இடத்தில் எழுதியவருக்கு ஆனதுதான் ஆகும். ஒரு நகலில் திருத்துவார்கள், மற்ற இரண்டும் பழசாகவே நிற்கும்.

ஆகவே விதிகளையும் தனியே ஒரு கட்டாகக் கட்டி, மூன்று மென்பொருளும் அதை வாங்கி ஓட்டும்படி செய்கிறார்கள். இதற்கு விதித்தொகுப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கேட்க எளிது. இங்கேதான் நுட்பமான சங்கதிகள் ஆரம்பிக்கின்றன.

பல விதிகளைச் சேர்ப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ‘இதுவும் அதுவும் மற்றதும்’ என்று எல்லாவற்றையும் ஒரே பெரிய விதியாகப் பிணைப்பது. இன்னொன்று, ஒவ்வொன்றும் தன் பெயரோடு தனித்தனியாக நிற்க, கட்டை மட்டும் ஒன்றாகக் கட்டுவது. ஆர்க்யூனிட் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. முதல் வழியில் ஒரே ஒரு சிவப்புதான் எரியும். பத்தில் எது மீறப்பட்டது என்று செய்திக்குள் போய்த் துழாவ வேண்டும், ஒன்றை மட்டும் தளர்த்துவதும் கஷ்டம். தர்க்கத்தில் பிரிக்க முடியாத இரண்டு மூன்று விதிகளுக்கு மட்டும் அது பொருந்தும். மற்றபடி இரண்டாவதுதான் என் கட்சி. கட்டுக்குள் கட்டும் வைக்கலாம்: உலகத்துக்கெல்லாம் பொதுவானவை ஒன்று (கூறுகளுக்குள் வளையமாக ஒன்றையொன்று நம்பக் கூடாது, பிழைச் செய்தியைக் கண்ட இடத்தில் திரையில் கொட்டக் கூடாது), நம் மாடி அறையின் வழக்கங்கள் ஒன்று (வரி நடு அடுக்கில் மட்டும்), அந்தந்த மென்பொருளுக்கே உரியவை ஒன்று (கூலி விகிதத்தை எடைப் பகுதி தொடக் கூடாது). மென்பொருளுக்கே உரிய கட்டு மாடி அறையின் கட்டை உள்ளடக்கும், அது பொதுக் கட்டை உள்ளடக்கும். பொதுக் கட்டுக்குப் பீடியைப் பற்றி எதுவும் தெரியக் கூடாது. விதித்தொகுப்புக்கும் அடுக்கு விதி பொருந்துகிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

அடுத்த சிக்கல் முகவரி. மளிகை மென்பொருளில் திரை அடுக்கின் பெயர் ‘திரை’. கமிஷன் கடை மென்பொருளை எழுதியவர் அதற்கு ‘முகப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார். தொகுப்பு ‘திரை’ என்று தேடினால் அங்கே ஒரு வகுப்பும் அகப்படாது. ஒன்றுமே அகப்படாவிட்டால் விதி மீறப்பட்டதா, இல்லையா? தர்க்கப்படி மீறப்படவில்லை. ஆலங்குளத்து மெட்ரோ ரயில்கள் எல்லாம் சரியான நேரத்துக்கு வருகின்றன என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. இங்கே மெட்ரோவே இல்லை. அதே மாதிரி சோதனை பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும், எதையும் பார்க்காமல். பகிர்ந்துகொள்ளும் தொகுப்பில் இதைவிடப் பெரிய அபாயம் கிடையாது. சிவப்பு எரிந்தால் யாராவது எழுந்து வருவார்கள். பொய்ப் பச்சைக்கு யார் வருவார்? ஆர்க்யூனிட்டின் பிற்காலப் பதிப்புகள் இதை உணர்ந்து, ஒரு வகுப்பைக்கூடப் பரிசோதிக்காத விதியைத் தோல்வி என்றே கணக்கில் எடுக்கின்றன. தொகுப்பு எழுதுகிறவரும், அடுக்குகளின் பெயரைத் தானே ஊகிக்காமல், ‘உங்கள் திரை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்’ என்று ஒவ்வொரு மென்பொருளிடமும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு பழைய பாவங்கள். ஏழு வருஷமாக ஓடும் பீடிக் கணக்கு மென்பொருளில் தொகுப்பை முதல் தடவை ஓட்டினால் சிவப்பு சிவப்பாகக் கொட்டும். எல்லாவற்றையும் திருத்திவிட்டுத்தான் மறுவேலை என்றால் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். விதியையே எடுத்துவிட்டால் புதிய மீறல்களும் சேர்ந்துகொள்ளும். இதற்கு உறையவைத்தல் என்று ஒரு வழி. இன்றைக்கு இருக்கும் மீறல்களை ஒரு கோப்பில் அப்படியே எழுதிவைத்துக்கொள்கிறது கருவி. அவை கணக்கில் வராது. புதிதாக ஒன்று முளைத்தால்தான் சிவப்பு. பழையதில் ஒன்றைச் சரிசெய்தால் அது கோப்பிலிருந்து தானாக நீங்கும், பிறகு அதையே மறுபடி செய்ய முடியாது. மேலே நாலு வரி சேர்ந்ததால் 42-ஆவது வரி 46-ஆவது வரியாக நகர்ந்தாலும் குழம்பாமல் இருக்க, ஒப்பிடும்போது வரி எண்ணை விட்டுவிடுகிறது. இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாவிட்டால் நடைமுறையில் யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தொகுப்பில் புதிய விதி சேரும் நாளும் அபாயமான நாள்தான். மாடி அறையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒன்றைச் சேர்த்து வெளியிட, மூன்று மென்பொருளும் ஒரே காலையில் சிவப்பாகி நின்றால் மற்றவர்கள் தொகுப்பையே கழற்றி எறிவார்கள். எனவே தொகுப்புக்கும் பதிப்பு எண் வேண்டும். எந்த மென்பொருள் எப்போது புதிய பதிப்புக்குப் போவது என்பதை அதை எழுதுகிறவர் முடிவு செய்ய வேண்டும். புதிய விதியை முதலில் உறையவைத்தபடியே அனுப்புவது நல்ல பழக்கம்.

இத்தனையும் செய்தபின் கருவி பார்க்காதது என்ன என்று கேட்பது நியாயம். நிறைய இருக்கிறது. பெயரை ஓடும் நேரத்தில் எழுத்துச் சரமாகக் கட்டி அழைத்தால் அது வகுப்புப் பட்டியலில் இராது. இரண்டு மென்பொருள் ஒன்றையொன்று கூப்பிடாமல் ஒரே தரவு அட்டவணையில் எழுதினால் அந்தப் பிணைப்பும் தெரியாது. நிலத்தடியில் கசிந்து போகிற தண்ணீரை மறுகாலில் நின்று எண்ண முடியாது. எல்லாவற்றிலும் விசித்திரமானது இன்னொன்று. ஜாவாவில் ‘இது மாறவே மாறாத எண்’ என்று அறிவித்து 18 என்று வைத்தால், நிரலைப் பைட்கோடாக மொழிமாற்றும்போது அந்த எண்ணைப் பயன்படுத்திய இடத்திலெல்லாம் 18 என்ற எண்ணே நேராகப் பதிந்துவிடும். ‘வரி வகுப்பிலிருந்து எடுத்தது’ என்ற தடயம் பைட்கோட்டில் மிஞ்சாது. இதனால் இரண்டு விளைவு. ஒன்று, கட்டமைப்புச் சோதனைக்கு அந்தச் சார்பு கண்ணில் படாது. மற்றொன்று, வரி வகுப்பில் 5 என்று திருத்தி அந்த ஒரு கோப்பை மட்டும் கடையில் மாற்றி வைத்தால், திருப்பி எடுக்கும் திரை பழைய 18-ஐயே சொல்லிக்கொண்டிருக்கும். நிரலைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். எல்லாக் கோப்புகளையும் புதிதாக மொழிமாற்றினால்தான் போகும். இரண்டாவது கடையில் நடந்தது இதுவாக இருக்கலாம். முதல் கடைக்காரருக்கு இந்த வம்பு இல்லை, ஏனென்றால் அவர் மென்பொருளில் விகிதம் நிரலுக்குள் எண்ணாகவே இல்லை. கிடங்கில் ஒரு வரியாக, இன்ன தேதியிலிருந்து இன்ன விகிதம் என்று இருக்கிறது.

தொகுப்பையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில், வேண்டுமென்றே அதை மீறி எழுதிய ஒரு குட்டி நிரலை வைத்துக்கொள்கிறார்கள் கவனமுள்ளவர்கள். அதன் மேல் விதியை ஓட்டினால் சிவப்பு எரிந்தே தீர வேண்டும். எரியாவிட்டால் விதி செத்துவிட்டது. அறிவியலில் ஒரு கூற்றை எது பொய்யாக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்வார்களே, அந்த ஒழுங்குதான். எத்தனை விதி இருக்கிறது என்று பெருமை பேசும் தொகுப்புகளில் இந்தத் தப்பு நிரல்களைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது.

விதி எழுதும் வாக்கியத்தில் ‘ஏனெனில்’ என்று ஓர் இடம் இருப்பதை முன்பே பார்த்தோம். அதை நிரப்பாமலும் ஓட்டலாம், பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆர்க்யூனிட்டோடு சேர்ந்து வரும் ஆயத்த விதிகளில் ஒன்று, ஜோடா-டைம் என்ற நூலகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. தேதி, நேரக் கணக்குகளுக்கான நூலகம் அது. ஜாவாவில் முதலில் இருந்த தேதி வசதிகள் மோசமானவை. அந்தக் காலத்தில் அனுபவசாலிகள் ஜோடாவைப் பயன்படுத்துங்கள் என்றுதான் புத்தி சொன்னார்கள். 2014-இல் வந்த ஜாவா 8 தனக்கென்று நல்ல தேதி நூலகத்தைக் கொண்டுவந்தது. ஜோடாவை எழுதிய ஸ்டீஃபன் கோல்பர்னே அந்தப் புதிய நூலகத்தை உருவாக்குவதில் முன்னின்றார். அன்றிலிருந்து புத்திமதி தலைகீழாயிற்று. 2012-இல் யாராவது விதித்தொகுப்பு கட்டி அதில் ‘தேதிக்கு ஜோடா மட்டும்’ என்று காரணம் எழுதாமல் வைத்திருந்தால், இன்றைக்கு ஒரு புதிய பையன் சரியான நூலகத்தைப் பயன்படுத்தியதற்காகச் சிவப்பு வாங்குவான். ஏன் என்று கேட்டால் அறையில் யாருக்கும் தெரியாது. ‘ஏனெனில் ஜாவாவின் சொந்தத் தேதி வசதி பிழையானது’ என்று அன்றே ஒரு வரி இருந்திருந்தால், அந்தப் பையனே அதைப் படித்து, இப்போது அது பிழையில்லை என்று காட்டி, விதியை எடுத்துவிடலாம்.